மூல வைகைத் தண்ணீரில் பூச்சிமருந்தும் வெயிலும்

பயிருக்கு அடித்த மருந்தில் ஒரு பங்கு எப்படியும் தண்ணீருக்கு வந்து சேர்கிறது. இலையில் ஒட்டாமல் மண்ணில் விழுந்தது மழையோடு ஓடைக்குப் போகும். எளிதில் கரையக்கூடியது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைத் தொடும். காற்றில் சிதறிய துளி பக்கத்து வாய்க்காலில் விழும். வேலை முடிந்து டேங்கைக் கழுவிய தண்ணீரோ நேராகவே கண்மாயில் கலந்துவிடும். அங்கிருந்து மருந்து மறைவதற்கு நான்கு வழிகள் உண்டு. வண்டலில் ஒட்டி அடியில் படியலாம். தண்ணீரோடு வினைபுரிந்து உடையலாம். நுண்ணுயிர்கள் அதைத் தின்று உடைக்கலாம். வெயில் பட்டுச் சிதையலாம். கடைசியாகச் சொன்ன ஒளிச்சிதைவுதான் வெப்பநாட்டு நீர்நிலைகளில் பெரிதும் நம்பப்படுவது. “நம்ம வெயிலுக்கு எந்த மருந்தும் நிக்காது” என்ற பேச்சு தேனி மாவட்டத்துத் தோட்டங்களில் சாதாரணமாகக் காதில் விழும். அதில் எவ்வளவு உண்மை என்பது மருந்தின் மூலக்கூறையும், அது சேர்ந்த தண்ணீரின் ஆழத்தையும், அந்தத் தண்ணீரில் வேறு என்னென்ன கரைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது.

பள்ளத்தாக்கின் தண்ணீர்

மயிலாடும்பாறை, தேனி மாவட்டத்தில் மூல வைகை ஓடும் வழியில், வடக்கு அட்சரேகை 10 பாகைக்குச் சற்றுக் கீழே அமைந்த ஊர். இந்த அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தைக் கடக்கும் தூரம் குறைவு. ஓசோன் விழுங்கும் புற ஊதாக் கதிரும் அதனால் குறைவு. ஐரோப்பாவிலோ கனடாவிலோ ஒரு குளத்தில் நாள் முழுதும் விழும் புற ஊதாக் கதிரைவிட இங்கே விழுவது ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மிக அதிகம். வெயிலின் வீரியத்தைப் பொறுத்தவரை ஊர்ப் பேச்சு சரிதான்.

சிக்கல் ஆற்றின் போக்கில் இருக்கிறது. வருசநாட்டு மலையிலிருந்து இறங்கி, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக வரும் மூல வைகை மழையை மட்டுமே நம்பிய ஆறு. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூல வைகை புரண்டு ஓடும். அப்போது வானம் மேகம் மூடியிருக்கும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தண்ணீர் செம்மண் கலங்கலாக வரும். ஏப்ரலில் வெயில் உச்சத்தைத் தொடும்போது ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். வயலில் தங்கிய மருந்தை அடித்துக்கொண்டு வரும் வெள்ளமும், அதைச் சிதைக்கவல்ல வெயிலும் வெவ்வேறு மாதங்களில் வருகின்றன. இந்தப் பள்ளத்தாக்கின் ஒளிச்சிதைவைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இது.

கடமலை–மயிலை ஒன்றியத்தில் தென்னை, இலவம்பஞ்சு, முருங்கை, தக்காளி, கத்தரி, பீன்ஸ் எனப் பயிர்கள் பல. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் நெல், வாழை, பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடை தரும் பயிர். ஆகவே அங்கே மருந்தடிப்புக்கும் ஓய்வு கிடையாது. இரண்டு பள்ளத்தாக்குகளின் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து வைகை அணைக்குப் போகிறது. 1959-இல் திறக்கப்பட்ட, 71 அடி வரை நீர் தேக்கும் இந்த அணைதான் மதுரை மாநகரின் குடிநீருக்கும் முக்கிய ஆதாரம். மேற்கு மலைமுகட்டுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில் இதே பெயர் கொண்ட இன்னொரு மயிலாடும்பாறையும் உண்டு. இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் அங்கேதான் இயங்குகிறது. ஏலத்தோட்டங்களில் மருந்தடிப்பு கனமானது. ஆனால் முகட்டுக்கு மேற்கே விழும் மழை பெரும்பாலும் மேற்கு நோக்கியே வடிகிறது. சுரங்கம் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீரின் நீர்ப்பிடிப்போ பெரும்பகுதி பெரியாறு புலிகள் காப்பகக் காடு. ஆகவே தேனி மாவட்டத்து நீர்நிலைகளில் சேரும் மருந்தில் பெரும்பங்கு தேனி மாவட்டத்து வயல்களிலிருந்தே வருவதாகக் கொள்ள வேண்டும்.

ஒளியை உறிஞ்சும் மூலக்கூறு

தரையை வந்தடையும் சூரிய ஒளி ஏறத்தாழ 290 நானோமீட்டர் அலைநீளத்தில் தொடங்குகிறது. அதற்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர்களை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. 300 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். கார்பனும் கார்பனும் சேர்ந்த ஒற்றைப் பிணைப்பை உடைக்கச் சுமார் 350 கிலோஜூல் போதும். ஆற்றல் கணக்கு ஒத்துவந்தாலும் ஒளி மூலக்கூறுக்குள் நுழைந்தால்தான் வேலை நடக்கும். எந்த மருந்து 290 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை உறிஞ்சுகிறதோ அது மட்டுமே வெயிலில் நேரடியாக உடையும். உறிஞ்சிய ஒவ்வோர் ஒளித்துகளும் ஒரு மூலக்கூறை உடைத்துவிடுவதும் இல்லை. பெரும்பாலும் அந்த ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடும். உறிஞ்சப்பட்ட ஒளித்துகள்களில் எத்தனைக்கு ஒன்று உண்மையில் சிதைவை உண்டாக்குகிறது என்ற விகிதம் குவாண்டம் விளைச்சல் எனப்படும். நேரடி ஒளிச்சிதைவின் வேகத்தை இந்த விகிதமும், மருந்தின் உறிஞ்சும் திறனும், விழும் வெயிலின் அளவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் ரிச்சர்ட் செப்பும் டேவிட் கிளைனும் 1977-இல் இந்த மூன்றையும் கொண்டு, அட்சரேகைக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சிதைவு வேகத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். இன்றைய கணக்குகள் பலவும் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மருந்து கலந்த ஒரே தண்ணீரைக் குவார்ட்ஸ் குழாய் ஒன்றிலும் சாதாரணக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றிலும் ஊற்றி வெயிலில் வைத்தால் இரண்டிலும் சிதைவின் வேகம் வேறுபடும். குவார்ட்ஸ் புற ஊதாக் கதிரை உள்ளே விடும். சாதாரணக் கண்ணாடி 300 நானோமீட்டரை ஒட்டிய கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கைக்குச் சுடுகிற அதே வெயில், கண்ணாடிக்குப் பின்னால் வேதியியல் வலுவை இழந்து நிற்கிறது. மருந்தை உடைப்பதில் வெயிலின் சூட்டைவிட இந்தக் குறுகிய புற ஊதாப் பகுதிக்கே பங்கு அதிகம்.

தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் அடிக்கப்படும் இமிடாகுளோபிரிட் இதற்கு நல்ல சான்று. அதன் நைட்ரோ தொகுதி 270 நானோமீட்டர் அருகில் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். அந்த உறிஞ்சலின் ஓரம் 300-ஐத் தாண்டியும் நீள்கிறது. நடுநிலைத் தண்ணீரில் இருட்டில் வைத்தால் இது மாதக்கணக்கில் மாறாமல் கிடக்கும். தெளிந்த தண்ணீரில் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் பாதி போய்விடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த அசிட்டமிபிரிட்டில் நைட்ரோ தொகுதிக்குப் பதில் சயனோ தொகுதி இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் அதன் பாதி சிதைய வாரக்கணக்கில் ஆகிறது. கடையில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். தண்ணீரில் அவற்றின் ஆயுள் மணிக்கும் மாதத்துக்கும் உள்ள வித்தியாசம். காய்கறித் தோட்டங்களில் பழக்கமான குயினால்பாஸில் குயினாக்சலின் என்ற இரட்டை வளையம் உண்டு. அது 300 நானோமீட்டருக்கு மேலும் ஒளியை உறிஞ்சுவதால் குயினால்பாஸும் வெயிலில் உடையும். குளோர்பைரிபாஸின் பாதி வெயிலில் சிதையச் சுமார் ஒரு மாதம் ஆகும். எண்டோசல்பானுக்கும் களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கும் இந்த ஒளியைப் பிடிக்கும் உறுப்பே இல்லை. எவ்வளவு வெயில் காய்ந்தாலும் நேரடியாக அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீரே துணைக்கு வரும்போது

தானாக ஒளியை உறிஞ்சாத மருந்தும் இயற்கைத் தண்ணீரில் சில சமயம் வெயிலில் உடைகிறது. இதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் பிற பொருள்கள். மேகமலைச் சரிவுகளில் மழை ஓய்ந்த வாரங்களில் ஓடைத் தண்ணீர் இலைமட்கின் சாறு இறங்கித் தேயிலை வடிநீர் போலப் பழுப்பேறியிருக்கும். அந்தப் பழுப்பு நிறத்தைத் தரும் ஹியூமிக் பொருள்கள் ஒளியைத் தாமே விழுங்கி, கிளர்ச்சியுற்று, அந்த ஆற்றலை அருகில் உள்ள ஆக்சிஜனுக்கோ மருந்து மூலக்கூறுக்கோ கைமாற்றுகின்றன. ஆக்சிஜனுக்குக் கைமாறினால் ஒற்றைநிலை ஆக்சிஜன் என்ற வீரியமுள்ள வடிவம் பிறக்கிறது. இயற்கைத் தண்ணீரில் வெயில் பட்டால் அது உண்டாகிறது என்பதை செப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 1977-இல் நிறுவினார்கள். கந்தகம் உள்ள மருந்துகளும் பீனால் வகைப் பொருள்களும் அதற்கு எளிதில் இரையாகின்றன.

திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் மான்கோசெப் இந்த மறைமுக வழியைத் தெளிவாகக் காட்டும். மான்கோசெப் தண்ணீரில் விழுந்தால் வெயிலே தேவையில்லாமல் ஓரிரு நாளில் உடைந்துவிடும். உடைந்து வருவது எத்திலீன்தயோயூரியா என்ற பொருள். தைராய்டு சுரப்பியைப் பாதிப்பது. மூல மருந்தைக் காட்டிலும் கவலை தருவது இதுதான். கலிபோர்னியாவில் ராஸும் டொனால்ட் கிராஸ்பியும் 1973-இல் இதைத் தூய நீரில் கரைத்து வெயிலில் வைத்தபோது அது அசையவில்லை. வயல் வடிகால் தண்ணீரில் வைத்தபோது உடைந்தது. தூய நீரிலேயே ரிபோபிளேவின் சேர்த்தபோதும் உடைந்தது. ஒளியைப் பிடித்துக் கொடுக்க ஒரு துணைப்பொருள் இருந்ததுதான் வித்தியாசம். தூய நீரில் மட்டும் செய்த சோதனையை வைத்து “இது வெயிலில் சிதையாது” என்று எழுதியிருந்தால் அது கம்பம் வாய்க்காலுக்குப் பொருந்தாத முடிவாகப் போயிருக்கும்.

உரத்திலிருந்து கசிந்துவரும் நைட்ரேட்டும் இந்த வேலையில் சேர்கிறது. வெயில் பட்ட நைட்ரேட் ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்ற வீரியமிக்க துண்டை உண்டாக்கும். இயற்கைத் தண்ணீரில் அதன் செறிவு மிக மிகச் சிறியது. ஆனாலும் எதிர்ப்படும் கரிம மூலக்கூறு எதுவானாலும் அதைத் தாக்கும். எந்த ஒளியையும் உறிஞ்சாத மருந்துக்கு இதுவே ஏறக்குறைய ஒரே ஒளிவழி முடிவு. எனினும் கரைந்த கரிமப் பொருளும், உப்புத் தண்ணீரில் மிகுந்திருக்கும் பைகார்பனேட்டும் இந்தத் தனி உறுப்பை வழியிலேயே பிடித்துவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் பாயும் வாய்க்காலில் ஹைட்ராக்சிலின் இடத்தைப் பெரும்பாலும் கார்பனேட் தனி உறுப்பு பிடித்துக்கொள்கிறது. அது ஆள் பார்த்து வினைபுரிவது. சில மருந்துகளை உடைக்கும், பலவற்றைத் தொடாது.

ஆழமும் கலங்கலும்

மருந்து நிறுவனங்கள் பதிவுக்காகத் தரும் ஒளிச்சிதைவு அரை ஆயுள் (பாதி மருந்து சிதைய ஆகும் நேரம்) பெரும்பாலும் கிருமி நீக்கிய, அமில–கார நிலை மாறாமல் நிறுத்திய, தெளிந்த தூய நீரில் அளந்தது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 316-ஆம் எண் சோதனை நெறி (2008) கேட்பதும் அப்படிப்பட்ட நீரையே. மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் உதவும். அதைக் கண்மாய்க்கு அப்படியே பொருத்துவதுதான் தவறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒரு கண்மாய்த் தண்ணீரில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் புற ஊதாக் கதிர் பாதியாகக் குறைவதாகக் கொள்வோம். மேல்மட்டத்தில் மருந்தின் அரை ஆயுள் 3 மணி நேர வெயில் என்றும் கொள்வோம். 1 மீட்டர் ஆழத்தில் மேலே விழுந்த கதிரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் நன்றாகக் கலந்துகொண்டே இருந்தாலும், 1 மீட்டர் ஆழக் கண்மாய் முழுவதற்குமான அரை ஆயுள் ஏறத்தாழ 21 மணி நேர வெயிலாகிவிடும். ஆழம் 3 மீட்டர் என்றால் 62 மணி நேரம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் வலுவான வெயில் என்று வைத்தால், 3 மணி நேரத்தில் பாதி போக வேண்டிய மருந்து பாதியாகப் பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் கலக்காமல் மேலே சூடாகவும் அடியில் குளிர்ச்சியாகவும் அடுக்கு பிரிந்து நின்றால் அடித்தண்ணீரில் இருக்கும் மருந்துக்கு வெயிலே கிடையாது. கனடாவின் மனிடோபாப் பகுதி ஆய்வு ஒன்றில் தயோமெத்தாக்சம் என்ற மருந்துக்கு 8 சென்டிமீட்டருக்குக் கீழே ஒளிச்சிதைவு பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை என்று 2015-இல் தெரியவந்தது. ஒரு சாண் ஆழம்கூட வேண்டியிருக்கவில்லை.

பழுப்பேறிய தண்ணீரின் இரட்டை வேடமும் இங்கே வெளிப்படுகிறது. மட்குச் சாறு மருந்தை உடைக்கத் துணைசெய்கிறது. அதே சாறு ஒளியைத் தானே விழுங்கிக் கீழே போகாமல் மறைக்கவும் செய்கிறது. அரை அடித் தண்ணீரில் முதல் குணம் மேலோங்கும். ஆழமான கசத்தில் இரண்டாவது மேலோங்கும். செம்மண் கலங்கல் பெரும்பாலும் மறைக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. நவம்பர் வெள்ளத்தில் வைகை அணைக்கு வந்து சேரும் தண்ணீர் எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்கு, அதற்குள் எவ்வளவு வெயில் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிதைந்து வருவது என்ன

ஆய்வறிக்கையில் ஒரு மருந்து “கண்டறியப்படவில்லை” என்று வந்தால் அந்தத் தண்ணீரில் நஞ்சு இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒளிச்சிதைவைப் பொறுத்தவரை இது ஆபத்தான அவசரம். மூலக்கூறின் ஒரு மூலையில் ஒரு பிணைப்பு உடைந்தாலே மருந்தின் பெயர் மாறிவிடும், கருவியின் கண்ணுக்கும் தப்பிவிடும். மிஞ்சியிருக்கும் பெரிய துண்டு என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி.

பிப்ரோனில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. நெல்லிலும் மிளகாயிலும் பயன்படும் இந்த மருந்து வெயில் பட்ட தெளிநீரில் ஒரு பகலுக்குள் பாதியாகிவிடும். அப்போது கந்தகமும் ஆக்சிஜனும் அடங்கிய தொகுதி கழன்று, டெஸ்சல்பினைல் பிப்ரோனில் என்ற புதிய பொருள் உண்டாகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹைன்சலும் ஜான் கசிடாவும் 1996-இல் இதை ஆராய்ந்து, புதிய பொருளிலும் நரம்பு நச்சுத்தன்மை அப்படியே இருப்பதைக் காட்டினார்கள். அது மூல மருந்தைவிட நீண்ட காலம் நிலைத்தும் நிற்கிறது. வெயில் இங்கே ஒரு நஞ்சை எடுத்து இன்னொரு நஞ்சைக் கொடுத்திருக்கிறது.

இமிடாகுளோபிரிட் சிதையும்போது நைட்ரோ தொகுதியை இழந்த ஒரு பொருளும், யூரியா வடிவம் ஒன்றும், இறுதியில் 6-குளோரோநிக்கோடினிக் அமிலமும் வருகின்றன. முதலாவது பூச்சிக்கு வீரியம் குறைந்தது. பாலூட்டிகளின் நரம்பு ஏற்பிகளோடோ மூல மருந்தைவிட வலுவாகப் பிணைவது. இந்த மருந்தைப் பூச்சிக்கு நஞ்சாகவும் மனிதருக்கு ஓரளவு பாதுகாப்பானதாகவும் ஆக்கிய அந்தத் தேர்வுத் தன்மை, நைட்ரோ தொகுதியோடு கழன்று போய்விடுகிறது. குயினால்பாஸிலிருந்து 2-ஹைட்ராக்சிகுயினாக்சலினும், குளோர்பைரிபாஸிலிருந்து டிரைகுளோரோபிரிடினாலும் வருகின்றன. பின்னது வெயிலில் விரைந்து உடைவது; இந்த இடத்தில் வெயில் முழுமையாகவே உதவுகிறது. குளோர்பைரிபாஸ் எஞ்சியிருக்கும் தண்ணீரில் குடிநீருக்காகக் குளோரின் போட்டால் அது ஆக்சான் என்ற, நொதியைத் தாக்குவதில் பல மடங்கு வீரியமுள்ள வடிவமாக மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள் 2025-இல் குளோர்பைரிபாஸைத் தங்கள் நீக்கப் பட்டியலில் சேர்த்தன.

எண்டோசல்பான் வெயிலில் நேரடியாக உடையாது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றும். அந்தச் சல்பேட்டும் நஞ்சே, அதுவும் நீண்ட நாள் நிற்கும். எண்டோசல்பான் தெளிக்கப்பட்ட காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களை ஒட்டிய மக்களின் துயரம் நாடறிந்தது. உச்ச நீதிமன்றம் 13 மே 2011 அன்று நாடு முழுவதும் அந்த மருந்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. வெயில் மிகுந்த ஒரு மண்ணில், ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்பட்ட ஒரு மருந்திலிருந்து வெயில் மக்களைக் காப்பாற்றவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வெயில் எட்டாத இடங்கள்

பைரித்திரம் பூவிலிருந்து எடுத்த பழைய பூச்சிக்கொல்லி வயலில் அடித்த சில மணி நேரத்தில் வெயிலில் அழிந்துவிடும். வேப்பங்கொட்டைச் சாற்றில் உள்ள அசாடிராக்டினும் அப்படித்தான். அதனால்தான் அதை மாலையில் அடிக்கச் சொல்கிறார்கள். இந்தக் குறையை நீக்க இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் முயன்று, 1973-இல் வெயில் தாங்கும் பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று அதன் உறவுகள் பின்தொடர்ந்தன. வெயிலில் சிதையாமல் இருப்பதே இவற்றின் சந்தை மதிப்பு. வெயிலுக்குத் தாங்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த பொருள் தண்ணீரில் விழுந்த பிறகு வெயில் பட்டு மறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. போதாக்குறைக்கு இவை தண்ணீரில் கரையாமல் வண்டலில் ஒட்டிக்கொள்பவை. மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடும் நஞ்சான இவை கண்மாயின் அடிச்சேற்றில், ஒளியே புகாத இடத்தில் தங்கிவிடுகின்றன.

கிணறு இன்னோர் இருட்டு. இமிடாகுளோபிரிட் ஒரு லிட்டர் தண்ணீரில் 600 மில்லிகிராமுக்கு மேல் கரையும். ஓடையில் ஓடும்போது வெயிலில் மணிக்கணக்கில் உடையும் அதே மருந்து, மணல் வழியாக நிலத்தடிக்கு இறங்கிவிட்டால் அதை உடைக்க ஒளி இல்லை, நுண்ணுயிரும் சொற்பம். மூல வைகைப் படுகையில் கோடையில் மக்கள் குடிப்பதும் பாய்ச்சுவதும் ஆற்றுமணலுக்கு அடியிலும் கிணற்றிலும் உள்ள தண்ணீரையே. வெயில் கொடுக்கும் பாதுகாப்பு அந்தத் தண்ணீருக்குப் போய்ச் சேராது.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பற்றி ஒரு வரி போதும். ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தம் போகிறது. செம்பு ஒரு தனிமம். ஒளியோ நுண்ணுயிரோ அதை உடைக்க முடியாது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் அது சேர்ந்துகொண்டே போகும்.

வயலிலேயே நிறுத்தி வைத்தல்

வெயில் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு என்றால் அது நெல்வயல்தான். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இருக்கிறது. வயலில் நிற்பது நான்கு விரற்கடைத் தண்ணீர். நடவு முடிந்த முதல் வாரங்களில் பயிரின் நிழலும் குறைவு. புற ஊதாக் கதிர் அடிமண் வரை போய்ச் சேர முடிகிற நீர்நிலை இந்த மாவட்டத்தில் இதைப் போல வேறில்லை. மருந்தடித்த மறுநாளே வரப்பை வெட்டித் தண்ணீரை வாய்க்காலுக்கு விட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். சில நாள் நிறுத்தி வைத்தால் வெயிலும் நுண்ணுயிரும் சேர்ந்து வேலை செய்யும்.

இதைச் சட்டமாகவே ஆக்கிய இடம் கலிபோர்னியா. 1980-களின் தொடக்கத்தில் அங்கே நெல்வயல்களிலிருந்து வடிந்த மாலினேட் என்ற களைக்கொல்லியால் வடிகால்களில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. தயோபென்கார்ப் என்ற இன்னொரு களைக்கொல்லி சேக்ரமெண்டோ நகரத்துக் குடிநீரில் கசப்பாக ஏறியது. மருந்து போட்ட தண்ணீரைக் குறிப்பிட்ட நாள்கள் வயலிலேயே நிறுத்த வேண்டும் என்று விதி வந்தது. பின்னாளில் சில களைக்கொல்லிகளுக்கு அந்தக் கெடு நான்கு வாரம் வரை நீண்டது. ஆற்றில் இரண்டின் அளவும் வெகுவாகக் குறைந்தது. மாலினேட்டில் பெரும்பகுதி ஒளியால் உடைவதைவிடக் காற்றில் ஆவியாகித்தான் போயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் விதியின் உட்கருத்து சரி: எந்தச் சிதைவுக்கும் நேரம் வேண்டும், ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். முறைவைத்துத் தண்ணீர் பாயும் கம்பம் வாய்க்கால்களில் நான்கு வாரம் எல்லா வயலுக்கும் கட்டுபடியாகாது. மூன்று நான்கு நாள் நிறுத்துவது முடியாத காரியமல்ல.

காய்கறிக்கும் தென்னைக்கும் மருந்தடிக்கும் மயிலாடும்பாறைப் பக்கத்து நிலங்களுக்கு இதே கணக்கு வேறு வடிவில் பொருந்தும். டேங்கைக் கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்டாமல், மருந்தடித்த வயலிலேயே வெயில் படும் வெற்றுத் தரையில் மெலிதாகத் தெளித்துவிட்டால், ஒளியால் உடையக்கூடிய மருந்துக்கு உடைய இடம் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகும் வாரத்தில் மருந்தடிப்பது இந்தப் பள்ளத்தாக்கில் மிகவும் மோசமான நேரம். அந்த மருந்து வெயிலைப் பார்க்காமலே கலங்கலோடு அணைக்குப் போய்விடும்.

எதை அளப்பது

இந்தியக் குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலை (2012) பூச்சிமருந்துகளுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு லிட்டரில் எண்டோசல்பான் 0.4 மைக்ரோகிராம், மோனோகுரோட்டோபாஸ் 1, அட்ரசின் 2, குளோர்பைரிபாஸ் 30 என்று வரம்புகள் உள்ளன. எண்டோசல்பானை எண்ணும்போது அதன் சல்பேட்டையும், டி.டி.டி.யை எண்ணும்போது அதன் சிதைவுப் பொருள்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. சரியான வழி அதுவே. ஆனால் அதே கவனம் மற்ற மருந்துகளுக்குக் கிடைக்கவில்லை. குளோர்பைரிபாஸுக்கு அதன் ஆக்சான் சேரவில்லை. இமிடாகுளோபிரிட், அசிட்டமிபிரிட், பிப்ரோனில் ஆகியவை பட்டியலிலேயே இல்லை. பட்டியல் முந்திய தலைமுறை மருந்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தோட்டங்களில் இன்று அடிக்கப்படுவது அடுத்த தலைமுறை.

மூல வைகையில் தண்ணீர் மாதிரி எடுப்பவர்கள் இரண்டு காலத்தில் எடுக்க வேண்டும்: நவம்பரில் முதல் வெள்ளம் கலங்கலாக வரும்போது ஒருமுறை, ஏப்ரலில் ஆற்றோரக் கிணறுகளில் இன்னொரு முறை. முதலாவது வெயில் தொடாத மருந்தைக் காட்டும். இரண்டாவது மண்ணுக்குள் தப்பிய மருந்தைக் காட்டும். இரண்டிலும் மூல மருந்தோடு டெஸ்சல்பினைல் பிப்ரோனிலையும், நைட்ரோ இழந்த இமிடாகுளோபிரிட்டையும், எத்திலீன்தயோயூரியாவையும் பெயர் சொல்லித் தேட வேண்டும். தேடாத பொருள் எந்த அறிக்கையிலும் வராது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி நஞ்சியல் ஆய்வகமும் பெரியகுளத்தில் உள்ள அதன் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கும் ஒரு மாநிலத்தில் இது எட்டாத வேலையில்லை. மதுரை வரை குடிக்கிற தண்ணீர் என்பதால் இந்தச் சோதனையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.